அடியில் பாரம் கட்டிய ராக்கெட்

1. பந்தல்

ராக்கெட் பாதிப் பனை உயரம்கூடப் போகவில்லை. அங்கேயே ஒரு கணம் தயங்கிப் பக்கவாட்டில் புரண்டு, பெற்றோர்கள் உட்கார்ந்திருந்த பந்தலை நோக்கி வந்தது. அதைச் செய்ய வைத்த அறிவியல் ஆசிரியை நான்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அறிவியல் எதுவும் தோன்றவில்லை. பந்தலின் கடைசி வரிசையில், பக்கத்து வீட்டுச் செல்வியக்கா மடியில் என் ஒன்பது மாதக் குழந்தை இருந்தாள். அது மட்டும்தான் தோன்றியது.

ராக்கெட் என்று நாங்கள் சொன்னது ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் குளிர்பான பாட்டிலை. அது பந்தல் துணியில் மோதி, சரிந்து, மிச்சமிருந்த தண்ணீரை எல்லாம் முதல் வரிசையில் இருந்த எங்கள் தலைமையாசிரியையின் வெள்ளை அங்கியில் கொட்டியது. பாட்டிலின் கழுத்தில் கட்டியிருந்த கயிறு அறுந்து, அதில் கோத்திருந்த ஈயக் குண்டுகள் இரும்பு நாற்காலிகளின் மேல் சிதறி விழுந்தன. ஒன்று சூசை என்பவரின் தொடையில் விழுந்தது. அவர் வள்ளம் வைத்து மீன்பிடிப்பவர். என் பத்தாம் வகுப்பு மாணவி அமலியின் அப்பா. அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம வலை ஈயம்லா" என்றார்.

பின்னால் யாரோ, "கூடங்குளத்துல வரப்போறது போதாதுன்னு இங்கனயும் ஒண்ணா வே" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. நான் அதற்குள் கடைசி வரிசைக்கு ஓடியிருந்தேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை. சத்தத்தைக் கேட்டு விழித்தவள், எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

அன்று அந்தப் பெற்றோர்களிடம் ஒன்று கேட்பதற்காகவே கூட்டத்தைக் கூட்டியிருந்தோம். எங்கள் பள்ளி உவரிக்குச் சற்றுத் தள்ளிக் கடற்கரையோரம் இருக்கும் பெண்கள் பள்ளி. அப்போது பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அடுத்த ஜூனில் பிளஸ் ஒன் தொடங்க அனுமதி வந்திருந்தது. எந்த குரூப் என்பது முடிவாகவில்லை. பதினைந்து பெற்றோராவது கை தூக்கினால் அறிவியல் குரூப்பும் லேபுக்கு ஓர் அறையும் தருவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. இல்லையென்றால் டைப்ரைட்டிங் உள்ள தொழிற்பிரிவு மட்டும். அறிவியல் படிக்க வேண்டுமென்றால் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்க வேண்டும். இந்தக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெண்ணையும் யாரும் அப்படி அனுப்பியதில்லை. ஆக, அந்தக் கைகள் எழாவிட்டால் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் அந்த மார்ச்சோடு முடிந்துவிடும்.

தலைமையாசிரியையை நாங்கள் எல்லோரும் மதர் என்றுதான் அழைப்போம். மதர் ஈர அங்கியோடு எழுந்து, எல்லோரும் காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் அறிவித்தார். கை தூக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எத்தனை கை எழுந்திருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2. பம்பும் தக்கையும்

இந்த ராக்கெட் வேலை எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியைகள் கேட்பதால் செய்முறையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆற்றங்கரையில் இருக்கும் சேரன்மகாதேவி. பி.எஸ்சி. இயற்பியலும் பி.எட்.டும் முடித்துவிட்டுக் கல்யாணம் ஆனது. கணவருக்குத் திசையன்விளையில் வங்கி வேலை. குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது இந்தப் பள்ளியில் வேலை கிடைத்தது. குழந்தையைச் செல்வியக்காவிடம் விட்டுவிட்டுக் காலையில் பேருந்து ஏறுவேன். பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி மணி அடித்தால், குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று வகுப்பில் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் அதைக் கவனித்து, "உங்களுக்கு இல்ல டீச்சர், மதருக்கு" என்று எட்டிப் பார்த்துச் சொல்வார்கள். இவ்வளவு பயந்த ஒருத்தி ராக்கெட் விடத் துணிந்தது எனக்கே வியப்புதான்.

நியூட்டனின் மூன்றாம் விதி பாடம். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு. பாடப்புத்தகத்தில் துப்பாக்கியும் பலூனும் எடுத்துக்காட்டு. துப்பாக்கியை யாரும் பார்த்ததில்லை. ஆனால் வள்ளத்திலிருந்து கரைக்குக் குதித்தால் வள்ளம் பின்னால் போகும் என்று மூன்றாவது பெஞ்சிலிருந்து அமலி சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டாள்.

"நான் குதிக்கையில வள்ளத்தத் தள்ளுதேன். ராக்கெட்டு மேல போறதுக்கு எதத் தள்ளுது டீச்சர்? மேல ஒண்ணுமே இல்லேல்லா?"

தரையைத் தள்ளுகிறது என்றாள் ஒருத்தி. காற்றைத் தள்ளுகிறது என்றாள் இன்னொருத்தி. தன்னிடம் இருப்பதையே கீழே எறிகிறது, எறிகிற வேகத்தில் தான் மேலே போகிறது என்று நான் சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நானும் கல்லூரியில் அப்படி நிறைய ஆட்டியிருக்கிறேன்.

அப்போதுதான் பிளாஸ்டிக் குளிர்பான பாட்டில்கள் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. திசையன்விளையில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து நாலைந்து வாங்கிவந்தேன். லேப் சாமான் அலமாரியில் இருந்த ரப்பர் தக்கையில் துளை போட்டு, ஃபுட்பாலுக்குக் காற்றடிக்கும் ஊசியைச் செருகினோம். பாட்டிலில் தண்ணீர் விட்டுத் தக்கையால் இறுக்கி மூடி, தலைகீழாக மூன்று கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். உள்ளே அழுத்தம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் தக்கை தானே பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர் கீழே பீய்ச்ச, பாட்டில் மேலே போகும்.

முதல் நாள் தண்ணீர் இல்லாமல் காற்று மட்டும் அடித்தோம். 'டப்' என்று துள்ளி முழங்கால் உயரத்தில் விழுந்தது. அடுத்ததாகப் பாட்டில் நிறையத் தண்ணீர் விட்டோம். காற்றுக்கு இடமே இல்லை. தக்கை கழன்று பாட்டில் இருந்த இடத்திலேயே ஒழுகியது. பாதி விட்டோம், கால் விட்டோம். மூன்றில் ஒரு பங்கு விட்டபோது அது வேப்பமரத்துக்கு மேல் போனது. காற்று தண்ணீரைத் தள்ளுகிறது, தண்ணீர் கனமானது என்பதால் பாட்டிலுக்கு நல்ல உதை கிடைக்கிறது, ஆனால் தள்ளுவதற்குக் காற்றும் வேண்டும் என்று நான் சொல்லும் முன்பே கரும்பலகையில் எழுதிவிட்டார்கள். எதைத் தள்ளுகிறது என்ற கேள்வியை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய பாவாடை முழுக்க விடை நனைந்திருந்தது.

3. ஈயக் குண்டு

பாட்டில் மேலே போனதே தவிர நேராகப் போகவில்லை. உருண்டு புரண்டு போய் எங்காவது விழும். பெற்றோர் கூட்டத்தில் இதைக் காட்டலாம் என்று மதர் சொன்னதும் பிள்ளைகளுக்கு அது நேராகப் போக வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி அடியில் மூன்று இறக்கை ஒட்டினார்கள். மூக்குக்கு வலையில் கட்டும் மிதப்பு ஒன்றைச் செதுக்கி வைத்தார்கள். பார்க்க அசல் ராக்கெட் மாதிரியே ஆகிவிட்டது. அப்போதும் ஆடியது.

அமலி வீட்டில் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சொன்ன பதிலோடு மறுநாள் வந்தாள். அடியில் பாரம் இல்லாவிட்டால் வள்ளம் ஆடத்தான் செய்யும், மணல் மூட்டையை அடியில் போட்டால் அலையில் நிற்கும் என்று சூசை சொல்லியிருக்கிறார். வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக் குண்டுகள் கொஞ்சமும் கொடுத்து அனுப்பியிருந்தார்.

எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. ஈர்ப்பு மையம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு உறுதிச் சமநிலை என்று அதற்கு முந்தின மாதம்தான் பாடம் நடத்தியிருந்தேன். சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும் பொம்மையை மேஜைமேல் வைத்துக் காட்டியிருந்தேன். புத்தகமும் கடலும் ஒரே விடையைச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஈயத்தைக் கயிற்றில் கோத்துப் பாட்டில் கழுத்தைச் சுற்றிக் கட்டினோம். காலையில் ஒத்திகைக்கு லேசாகக் காற்றடித்து விட்டோம். கம்பிகளுக்குள்ளிருந்து நேராகக் கிளம்பி, ஆள் உயரத்தில் அழகாக விழுந்தது. கைதட்டினோம். மாலையில் பெற்றோர் முன்னால் முழு மூச்சாகப் பம்ப் அடித்தபோது நடந்ததை மேலே எழுதிவிட்டேன்.

4. திங்கட்கிழமை

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரே யோசனை. ஈயக் குண்டு சூசையின் தொடையில் விழாமல் ஒரு குழந்தையின் தலையில் விழுந்திருந்தால்? இனி இந்த ராக்கெட் வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தேன். பிறகு, என் குழந்தை அங்கே இருந்ததால்தான் இவ்வளவு பயப்படுகிறேனா, இல்லையென்றால் பயந்திருக்க மாட்டேனா என்ற கேள்வி வந்தது. அதற்கு நல்ல விடை கிடைக்கவில்லை. கடைசியில் எனக்கென்று ஒரு விதி எழுதிக்கொண்டேன். என் குழந்தையை உட்கார வைக்கத் தயங்கும் இடத்தில் வேறு யார் குழந்தையையும் நிறுத்தக் கூடாது. இன்றுவரை லேபிலும் மைதானத்திலும் அதுதான் என் விதி.

திங்கட்கிழமை காலையில் மதரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பெற்றோரை இன்னொரு தடவை உட்கார வைக்க முடியும், அதற்கு மேல் நிர்வாகம் பொறுக்காது என்றார்.

"ராக்கெட் வேண்டாம் மதர். சும்மா பேசிக் கேட்டுப் பாக்கலாம்" என்றேன்.

"பேசிக் கேட்டா வரமாட்டாங்க டீச்சர். விழுந்ததப் பாத்துட்டாங்கள்லா? ஏன் விழுந்துச்சுன்னு தெரியாம ஒரு கையும் எழும்பாது" என்றார். "உங்களுக்குத் தெரியுமா, ஏன்னு?"

தெரியாது என்றேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் சிரித்துவிட்டு, "அப்பம் இந்த வாரம் அதப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

வகுப்பில் நசுங்கிய பாட்டிலை மேஜைமேல் வைத்து, ஏன் திரும்பியது என்று கேட்டேன். எல்லோரும் பம்ப் அடித்த ரோஸ்லினைப் பார்த்தார்கள். பம்ப் அடித்தது தவறில்லை, கயிறு சரியாகக் கட்டவில்லை என்று ரோஸ்லின் அமலியைக் காட்டினாள். ஈயம் கொடுத்த அப்பாவையும் சேர்த்துச் சொல்கிறார்களோ என்று அமலிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கப்பா சொன்னதுல தப்பில்ல. வள்ளத்துக்கு அது சரிதான்ட்டி" என்றவள், சட்டென்று நிறுத்தினாள். பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "வள்ளத்தத் தண்ணி தாங்குது. பொம்மைய மேசை தாங்குது. இத யாரு தாங்குதா டீச்சர்?"

நான் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். புத்தகத்தில் உறுதிச் சமநிலை என்று இருப்பதெல்லாம் எதன்மேலாவது உட்கார்ந்திருக்கும் பொருளுக்கு. கம்பியை விட்டுக் கிளம்பிய ராக்கெட் எதன்மேலும் உட்காரவில்லை. அதைத் தாங்க ஆளில்லை, அதன்மேல் காற்று மோதுவது மட்டும்தான் உண்டு. அந்தப் பாடத்தை ஐந்தாறு முறை படித்திருப்பேன். இந்த வேறுபாடு என் கண்ணில் பட்டதே இல்லை.

5. கடல் காற்று

அப்படியானால் பாரம் எங்கே இருக்க வேண்டும்? ஊகித்து விடை சொல்லிவிட்டு மறுபடி ஒன்றை ஏவிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஏவாமலே பார்க்க வழி வேண்டும். அதைப் பிள்ளைகளிடமே கேட்டேன். பறக்கும்போது ராக்கெட் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. ராக்கெட் நின்று, காற்று வந்து மோதினாலும் கணக்கு ஒன்றுதான் என்று மட்டும் சொன்னேன். மீதியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்கு மேல் கடற்கரையில் நின்றால் புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாத அளவு காற்று வரும் ஊர் அது.

பள்ளி முடிந்ததும் மதரிடம் அனுமதி வாங்கி, பத்துப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனேன். பாட்டிலை விரலில் படுக்கவைத்துச் சமமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே மெல்லிய நூலைக் கட்டி, நட்டுவைத்த துடுப்பிலிருந்து தொங்கவிட்டோம். ஈயத்தை அடியில் கட்டிய பாட்டிலை முதலில் தொங்கவிட்டோம். காற்று வந்தது. பாட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கை இருக்கும் வாலைக் காற்றுக்கு எதிராகக் காட்டி நின்றது. மூக்கைப் பிடித்துத் திருப்பிவிட்டோம். மறுபடியும் திரும்பி வாலைக் காட்டியது. பந்தலில் செய்த அதே வேலை. ரோஸ்லின் மற்றவர்கள் பக்கம் திரும்பி, இடுப்பில் கைவைத்து, "பாத்தியளா, பம்ப் மேல பழி போட்டியளே" என்றாள்.

ஈயத்தை அவிழ்த்தோம். மூக்கில் வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். ஆனால் ஈயம் மூக்கில் இருந்து யார்மேலாவது விழுந்தால்? ஈயம் வேண்டவே வேண்டாம் என்றேன். மிதப்பை எடுத்துவிட்டுக் களிமண் உருண்டையை வைத்து, அதன்மேல் பாதி ரப்பர் பந்தைக் கவிழ்த்து ஒட்டினோம். நூல் கட்டும் இடம் இப்போது மூக்குப் பக்கம் நகர்ந்துவிட்டது. தொங்கவிட்டதும் பாட்டில் தள்ளாடியது, தலையை ஆட்டியது, பிறகு மூக்கைக் கடலுக்கு நேராக நீட்டி அப்படியே நின்றது. கையால் திருப்பினாலும் மறுபடி கடலைப் பார்த்தது.

காரணம் எளிது. காற்றில் இருக்கும் பொருள் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித்தான் திரும்பும். அந்த மையம் முன்னால் இருந்தால், பின்னால் இருக்கும் இறக்கைகளைக் காற்று பின்னுக்குத் தள்ளித் தள்ளி மூக்கை நேரே வைக்கும். மையம் வால் பக்கம் போய்விட்டால், முன்னால் நீண்டிருக்கும் உடம்பைத்தான் காற்று தள்ளும், அது திரும்பிவிடும். நாங்கள் இறக்கையும் ஒட்டி, அதன் வேலையைக் கெடுக்கும் பாரத்தையும் அதன் பக்கத்திலேயே கட்டியிருந்தோம்.

களிமண் அதிகமானால் உயரம் குறைகிறது, குறைந்தால் தலை ஆடுகிறது என்று அந்த வாரம் முழுவதும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வலை உலர்த்த வந்த பெண்கள், "டீச்சர் பாட்டிலக் காத்து வாங்கக் கூட்டிட்டு வந்திருக்காவ" என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள். உடை உப்பும் மணலுமாக வீட்டுக்குப் போவேன். குழந்தை என்னைத் தூக்கச் சொல்லிக் கை நீட்டும். கை கழுவும் வரை அழும். அந்த அழுகையைக் கேட்கும்போதெல்லாம், யாருடைய பிள்ளைகளுக்காகவோ என் பிள்ளையைக் காக்க வைக்கிறேனே என்று தோன்றும். பள்ளிக்கு வந்தால், என் பிள்ளையை நினைத்து இவர்களைப் பாதியில் விடப் பார்த்தோமே என்று தோன்றும். இரண்டில் எது சரி என்று யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

6. சூசை கேட்டது

ஞாயிறு கூட்டத்தை, காற்று எழும்பும் பிற்பகலுக்குத் தள்ளி, கடற்கரையிலேயே வைத்தோம். கரையேற்றி வைத்திருந்த வள்ளங்களுக்குப் பின்னால்தான் எல்லோரும் நிற்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். குழந்தைகள் இன்னும் பின்னால். இவ்வளவு தூரத்தில் நின்றால் ராக்கெட்டைப் பார்க்கவா, வாசனை பிடிக்கவா என்று ஓர் ஆள் கேட்டார். பார்க்கத்தான் என்று சொல்லி அவரையும் பின்னுக்கு அனுப்பினேன்.

முதலில் பழைய பாட்டிலைக் காட்ட வேண்டும் என்று அமலி பிடிவாதம் பிடித்தாள். மதர் தயங்கினார். தோற்றுப்போனதை மறுபடியும் எதற்குக் காட்டுவது என்று அவருக்கு. அமலி கேட்கவில்லை. ஈயம் கட்டிய பாட்டிலைத் துடுப்பில் தொங்கவிட்டாள். அது எல்லோருக்கும் முன்னால் வாலைத் திருப்பிக் காட்டியது. அடுத்துக் களிமண் பாட்டில். அது கடலைப் பார்த்து நின்றது. அவள் தன் அப்பாவிடம் விளக்கியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, காற்று இரைந்துகொண்டிருந்தது. அவர் நூலைத் தொட்டுப் பார்த்ததையும், தானே பாட்டிலைத் திருப்பிவிட்டு அது திரும்பி வருவதைப் பார்த்ததையும் மட்டும் கண்டேன்.

"அன்னைக்கே கட்டித் தொங்கவிட்டுப் பாத்திருக்கலாமே டீச்சர்" என்றார் என்னிடம். ஆமாம் என்றேன்.

ரோஸ்லின் பம்ப் அடித்தாள். தக்கை கழன்றது. தண்ணீர் மணலில் பள்ளம் பறிக்க, ராக்கெட் கடல் காற்றில் சற்றே கடல் பக்கம் சாய்ந்தபடி ஏறியது. காற்று கடலிலிருந்து வருவதால் மூக்கு அந்தப் பக்கம்தான் திரும்பும், ஆட்கள் பக்கம் வராது என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மணலில் கயிறு போட்டு விழும் இடத்தையும் குறித்திருந்தார்கள். அதைத் தாண்டி அலையில் போய் விழுந்தது. அந்தக் கணிப்புத் தவறியதற்குக் காரணம் என்ன என்று அங்கேயே சண்டை தொடங்கிவிட்டது.

மதர் எழுந்து, அறிவியல் குரூப்பில் தங்கள் பிள்ளைகளைச் சேர்க்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். யாரும் தூக்கவில்லை. ஆண்கள் சூசையைப் பார்த்தார்கள். பெண்கள் மணலைப் பார்த்தார்கள். ராக்கெட் நன்றாகப் போய்விட்டது, அப்புறம் என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

சூசை வள்ளத்தின் விளிம்பில் கைவைத்தபடியே பேசினார்.

"ராக்கெட்டு நல்லாத்தான் போவுது. அதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. டீச்சர்ட்ட ஒண்ணு கேக்கணும்."

கேளுங்கள் அண்ணாச்சி என்றேன்.

"ஆத்தங்கரைல இருந்து இங்கன எத்தனையோ டீச்சருங்க வந்திருக்கிய. மழைக்கு முன்னால வருவிய, வெயிலுக்கு முன்னால போயிருவிய. சயின்ஸுக்கு மட்டும் மூணு பேரு மாறியாச்சு. உங்க ஊருப் பக்கம் வேலை கெடச்சா நீங்களும் போயிருவிய. உங்களுக்குக் கைப்பிள்ள இருக்கு, குத்தம் சொல்லல. ஆனா எம் மகள இதுல சேத்துவிட்டு, பாதில நீங்க போயிட்டா, அவ எங்கன போவா? டைப்பாவது படிச்சிருப்பாள்லா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாரமாக நான் பாரத்தையும் காற்றையும் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வியைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை. அவர் சொன்னது உண்மையும்தான். சேரன்மகாதேவிப் பக்கம் ஏதாவது பள்ளியில் இடம் இருக்கிறதா என்று கணவர் விசாரித்துக்கொண்டிருந்தார். அங்கே என் அம்மா இருக்கிறார். குழந்தையைப் பற்றிய கவலை பாதி குறையும். இதைச் சொல்லிவிடலாம். சொன்னால் கைகள் எழாது. சொல்லாமல் தலையாட்டினால் அது பொய். கணவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றால் அதற்கும் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அமலி அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்காமல் கையிலிருந்த நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பிள்ளைங்க பிளஸ் டூ பரீட்சை எழுதுற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன் அண்ணாச்சி" என்றேன். குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. "அதுக்குப் பொறவு என்னன்னு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் இருப்பேன்."

"வீட்டுல கேட்டாச்சா?"

"இல்ல. இனிமேதான்."

அவர் வள்ளத்தின் விளிம்பிலிருந்து கையை எடுத்தார். "கேக்காம சொல்லுதியன்னா, அப்பம் இருப்பிய" என்று சொல்லிக் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் அமலியின் அம்மா தூக்கினார். அதற்குப் பிறகு மதர் வள்ளங்களுக்கு நடுவே நடந்து நடந்து எண்ண வேண்டியிருந்தது. பதினைந்துக்கு மேலேயே வந்தது.

வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் இரண்டு முறை நடந்தார். "ரெண்டு வருசம்னா இந்த வீடு சரிப்படாது. தண்ணி உள்ள வீடா ஒண்ணு பாக்கணும்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாமோ என்று சில நாள் எனக்குத் தோன்றும்.

அந்த முதல் குரூப்பில் இரண்டு பேர் பாதியில் நின்று கல்யாணம் ஆகிப் போனார்கள். என்னால் தடுக்க முடியவில்லை. மற்றவர்கள் தேர்வு எழுதினார்கள். அமலி இப்போது பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். அந்த ஹாஸ்டலுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டவர் சூசைதான். நான் சொன்ன காலக்கெடு முடிந்துவிட்டது. அடுத்த குரூப்பின் பெற்றோர்களும் அதே கேள்வியைக் கேட்டதால் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். எனக்கு இப்போது இரண்டு குழந்தைகள், கவலையும் இரண்டு பங்கு.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஏவுவதற்கு முன்னால் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். விழுந்தால் மறைக்காமல், ஏன் விழுந்தது என்பதைப் பிள்ளைகளையே காட்டச் சொல்லுங்கள். அத்தோடு உங்கள் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் இருப்பீர்களா என்று ஒருவர் எழுந்து கேட்பார். அதற்கான விடை புத்தகத்தில் இல்லை. பம்பையும் பாட்டிலையும் எடுக்கும் முன்பே அதை வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் பேசி வைத்திருக்கவில்லை.